சொந்தமாக ஒரு மண்டபம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில், பெருந்தெருவுக்குச் சற்று ஒதுங்கி, தாழ்ந்த கூரையும் விசாலமான முற்றமும் உடைய கட்டடம் ஒன்று நிற்பதைக் காணலாம். வாயிலின்மேல் ஒரு கேடயம் இருக்கும். அக்கேடயத்திலே நங்கூரமும் வாளும் பொறிக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமைகளில் அங்கே கலியாண விருந்து நடைபெறும். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீன் விற்பார்கள். தேர்தல் நாளில் அதுவே வாக்களிக்கும் நிலையமாக மாறுவதும் உண்டு. மாதத்தில் ஓரிரு இரவுகளில் மட்டும் கதவு சாத்தப்பட்டு, அங்கத்தவரல்லாதார் உட்புக இயலாத கூட்டம் ஒன்று உள்ளே நடக்கும். ஊருக்குத் திறந்தும் ஊருக்கு மூடியும் இருக்கின்ற அக்கட்டடம், கொலம்பஸ் வீரர் சங்கம் என்னும் கத்தோலிக்க ஆடவர் சகோதர சங்கத்தின் கிளையொன்றுக்குரிய மண்டபமாகும்.

இச்சங்கம் மண்டபம் கட்டுவதற்காகத் தோன்றியதன்று. குடும்பத் தலைவன் இறந்துவிட்டால் அவன் மனைவியும் மக்களும் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகத் தோன்றியது. நம் கிராமங்களில் மரண உதவிச் சங்கம் என்று ஒன்று உண்டல்லவா? சாவு விழுந்த வீட்டிற்கு அங்கத்தவர் அனைவரும் பணங்கொடுப்பர். கதிரையும் பந்தலும் வந்து சேரும். ஏறத்தாழ அவ்வகையான ஏற்பாடு ஒன்றே இதன் வித்து. அத்தகைய சங்கத்துக்குச் சுவரும் கூரையும் எதற்காக வேண்டியிருந்தன, அவை வந்த பின்னர் சங்கம் என்னவாயிற்று என்பதை எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

கதை தொடங்கும் இடம் கனெற்றிக்கட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரம். அங்கே ஹில்ஹவுஸ் அவெனியூ என்ற வீதி செல்வர் வாழும் வீதி. யேல் பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ளது. மர நிழலும் மாளிகைகளும் நிறைந்த அவ்வீதியில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர் 1870-களில் புனித மரியாள் கோயிலைக் கட்டி எழுப்பினர். கட்டியவர்கள் பெரும்பாலும் தொழிலாளர், வீட்டு வேலைக்காரிகள், சிறு கடைக்காரர் ஆகியோர். கோயில் எழுந்தது, கூடவே பெருங்கடனும் எழுந்தது. அழகிய வீதி ஒன்று உரோமன் கத்தோலிக்கக் கட்டடத்தால் மாசுபட்டுவிட்டது என்ற கருத்துப்பட, 1879-ஆம் ஆண்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தியே வெளியிட்டது. அந்நகரில் கத்தோலிக்கர் கூடுவதற்குரிய இடம் எது என்பது எத்துணைக் கசப்பான கேள்வியாயிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அக்கோயிலில் உதவிக் குருவாக இருந்தவர் மைக்கல் மக்கிவ்னி அடிகள். 1852-இல் வோட்டர்பரி என்ற ஊரில் பிறந்தவர். தந்தை பித்தளை ஆலையில் வார்ப்பு வேலை செய்தவர். பதின்மூன்று பிள்ளைகளுள் மூத்தவரான மைக்கல், தாமும் சிறுவயதிலேயே கரண்டி செய்யும் பகுதியில் வேலைக்குப் போனவர். குருமடத்தில் படித்துக்கொண்டிருக்கையில், 1873-இல், தந்தை இறந்தார். படிப்பை விட்டு வீடு திரும்ப நேர்ந்தது. பின்னர் ஆயரின் பண உதவி கிடைத்தமையினாலேயே பால்ற்றிமோர் நகரக் குருமடத்திற் சேர்ந்து, 1877 டிசெம்பரில் குருப்பட்டம் பெற்றார். உழைப்பவன் ஒருவன் போய்விட்டால் வீடு என்னவாகும் என்பதை அவர் புத்தகத்திற் படித்து அறியவில்லை.

அக்காலத்து ஆலைகளிலும் புகையிரதப் பாதைகளிலும் மனிதர் இளவயதிலேயே மடிந்தனர். இயந்திரத்தில் அகப்பட்டோர் சிலர். சயரோகத்தால் இறந்தோர் பலர். அரசாங்கத்தின் உதவிப் பணம் என்ற ஒன்று இல்லை. வாணிகக் காப்புறுதிக் கொம்பனிகளின் கட்டணமோ கூலியாளுக்கு எட்டாதது. தந்தை இறந்த குடும்பம் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற வல்லது என்று நீதிமன்றத்திலே காட்ட இயலாதாயின், பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு பராமரிப்பில் விடப்படலாம். 1882-இல் அத்தகைய குடும்பமொன்றின் வழக்கில் மக்கிவ்னி அடிகள் தாமே நீதிமன்றஞ் சென்று, இளைஞன் ஒருவனுக்குப் பாதுகாவலராக நிற்க முன்வந்தார். ஒரு குரு எத்தனை பிள்ளைகளுக்கு அவ்வாறு நிற்க முடியும்?

இவ்விடத்தில் லொட்ஜ் என்பது பற்றிச் சில வார்த்தை சொல்லவேண்டும். நாம் லொட்ஜ் என்றால் தங்கும் விடுதியை நினைப்போம். அமெரிக்காவில் அச்சொல் சகோதர சங்கக் கிளையையும், அது கூடும் மண்டபத்தையும் சேர்த்தே குறிக்கும். 1868-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் தோன்றிய தொழிலாளர் சங்கமொன்று, அங்கத்தவர் ஒருவர் இறந்தால் ஏனையோர் தலைக்கு ஒரு டொலர் கொடுப்பது என்ற முறையைக் கைக்கொண்டது. ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் டொலர் விதவையின் கைக்கு வரும். கணக்கும் எளிது, மனத்துக்கும் இதமானது. இம்முறை காட்டுத்தீப்போல் பரவிற்று. லொட்ஜுகள் பெருகின. அவற்றில் காப்புறுதி மட்டுமா? இரகசிய அடையாளங்களும், பட்டங்களும், கச்சைகளும், அணிவகுப்புகளும் இருந்தன. பகல் முழுதும் ஆலையில் பெயரற்ற கூலியாக நின்றவன், இரவில் லொட்ஜிலே பட்டம் பெற்ற வீரனாக நின்றான். இந்த இன்பத்தைச் சிறிதென்று எண்ணுவோர் அம்மனிதரின் வாழ்வை அறியாதவர்.

கத்தோலிக்கருக்கோ அவ்வாயில் அடைபட்டிருந்தது. பிறீமேசன் சங்கத்திற் சேர்வதை 1738-இலேயே பன்னிரண்டாம் கிளெமெந்து பாப்பரசர் தடைசெய்திருந்தார். 1884-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அத்தடையை வலியுறுத்திச் சுற்றுமடலொன்று விடுத்தார். இரகசியப் பிரமாணமும், சமய வேறுபாடற்ற சடங்குகளும் திருச்சபைக்கு உடன்பாடல்ல. எனினும் வயிற்றுப்பாடு வயிற்றுப்பாடே. மனைவி மக்களின் பாதுகாப்பை எண்ணித் தடையை மீறியும் இளைஞர் லொட்ஜுகளில் நுழைந்தனர். வேண்டாம் என்று பிரசங்கம் செய்வதாற் பயனில்லை, வேறொன்றைக் கொடுக்கவேண்டும் என்பதே மக்கிவ்னி அடிகளின் முடிவு.

1881 ஒக்டோபர் மாதத்தில் ஆடவர் சிலரைப் புனித மரியாள் கோயிலின் கீழ்த்தளத்திலே கூட்டிப் பேசினார். பொஸ்டன் நகருக்குச் சென்று, அங்கே 1879-இல் தொடங்கப்பட்டிருந்த கத்தோலிக்க வனக்காவலர் சங்கத்தாரிடம் தம்மை அதன் கிளையாகச் சேர்த்துக்கொள்ள இயலுமோ என்று கேட்டார். அச்சங்கத்தின் பட்டயம் மாநில எல்லையைத் தாண்ட இடங்கொடுக்கவில்லை. ஆகவே தனியாகவே தொடங்குவது என்று தீர்மானித்தார்கள். கொலம்பஸின் மைந்தர் என்று பெயரிட நினைத்தார் அடிகள். உள்நாட்டுப் போரிலே படைவீரராக இருந்த ஜேம்ஸ் மல்லன் என்பவர் வீரர் என்ற சொல்லே பொருந்தும் என்றார். அதுவே நிலைத்தது. கொலம்பஸின் பெயரை எடுத்ததில் ஒரு வாதமும் அடங்கியிருந்தது. இந்நாட்டைக் கண்டுபிடித்தவன் என்று நீங்கள் கொண்டாடும் மனிதனே கத்தோலிக்கன். எங்களை அந்நியர் என்று எவ்வாறு சொல்வீர் என்பதே அவ்வாதம். கொலம்பஸைப் பற்றி இன்று வேறு வகையான தீர்ப்புகள் எழுந்துள்ளன. ஆயினும் 1882-இல் அப்பெயருக்கு இருந்த வலு அது.

1882 மார்ச் 29-ஆம் நாள் கனெற்றிக்கட் சட்டசபை சங்கத்துக்குப் பட்டயம் வழங்கிற்று. மல்லன் முதற் தலைவரானார். குருவானவர் தலைமை வகிக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. அடிகள் செயலாளராக இருந்தார். 1884-இல் அதையும் விட்டு, ஆன்ம குருவாக மட்டும் அமைந்தார். சங்கம் பொதுநிலையினரின் கையில் இருக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். 1890 ஆகஸ்ட் 14-ஆம் நாள், 38-ஆவது வயதில், நியூமோனியாக் காய்ச்சலால் அவர் இறந்தபோது, கிளைகள் ஐம்பதைத் தாண்டியிருந்தன.

ஒரு டொலர்க் கணக்கில் இருந்த குறையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயது இளைஞனும் நாற்பத்தைந்து வயதினனும் ஒரே தொகை கொடுத்தால், சங்கத்துக்கு வயதேற ஏறச் சாவுகள் பெருகும், வசூல் அடிக்கடி வரும், இளைஞர் விலகுவர், எஞ்சியோர் தலையில் பாரம் இன்னும் ஏறும். பல லொட்ஜுகள் இவ்வாறே அழிந்தன. கொலம்பஸ் வீரர் வயதுக்கேற்ற கட்டணத்துக்கு மாறித் தப்பினர். அத்துடன், காப்புறுதி எடாமலே அங்கத்தவராகலாம் என்ற விதியும் 1890-களில் வந்தது. அவ்விதியின் விளைவு பெரிது. பணத்துக்காக அன்றிக் கூட்டுறவுக்காகவே வருவோர் திரளாகச் சேர்ந்தனர். அவர்களுக்கு வேண்டியது கூடுவதற்கு ஓரிடம்.

தொடக்கத்திற் கோயிலின் கீழ்த்தளம் போதுமாயிருந்தது. ஆனால் சங்கத்திற் சேரும் சடங்கு படிப்படியாக வளர்ந்த பட்டங்களைக் கொண்டது. தருமம், ஒற்றுமை, சகோதரத்துவம் என்பவை முதல் மூன்று பட்டங்களின் பாடங்கள். தேசபக்தி என்ற நான்காம் பட்டம் 1900-இல் வந்தது. பாடத்தை நாடகம்போல் நடத்திக் காட்டுவர். புதிதாக வருபவன் அதை முன்கூட்டி அறியலாகாது. இத்தகைய சடங்கைப் பலசரக்குக் கடையின் மேல்மாடியில் வாடகை அறையொன்றிலே நடத்துவது எளிதன்று. கீழேயுள்ளவன் கேட்பான், அடுத்த இரவு வேறொரு சங்கம் அதே அறைக்கு வரும், ஆடைகளையும் கருவிகளையும் பூட்டி வைக்க இடமிராது. ஆகவே, இரகசியம் காப்பதற்காகவே முதலில் சொந்தக் கதவு வேண்டியிருந்தது எனலாம்.

அவ்விரகசியத்துக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. நான்காம் பட்டத்தார் புரட்டஸ்தாந்தரைக் கொல்வதாகச் சத்தியஞ் செய்கின்றனர் என்று சொல்லும் பொய்ப் பிரமாணமொன்று அச்சாகி நாடெங்கும் பரவிற்று. 1913-இல், தேர்தல் வழக்கொன்றின் சான்றுப் பத்திரமாக, அது அமெரிக்கப் பாராளுமன்றத்தின் நடவடிக்கைப் பதிவிலேயே இடம்பெற்றுவிட்டது. பின்னர் அதையே எடுத்துக்காட்டி, பாராளுமன்றமே ஒப்புக்கொண்டது என்று சொன்னவர் பலர். 1914-இல் கலிபோர்னியாவில் வீரர்கள் ஒரு துணிகரமான காரியஞ் செய்தனர். தம் சடங்கு நூலை முழுவதும் பிறீமேசன் பெரியோர் சிலரிடமே ஒப்படைத்து, ஆராய்ந்து சொல்லுங்கள் என்றனர். பாப்பரசர் எவரை விலக்கினாரோ அவர்களே ஆராய்ந்து, பிரமாணம் பொய்யென்று பகிரங்கமாக அறிவித்தனர். நீதி சில வேளைகளில் எதிர்பாராத வாயிலால் வருகிறது.

இனி மண்டபம் கட்டுவது எப்படி என்று பார்ப்போம். கொலம்பஸ் வீரரின் கிளை தன் பெயரில் நிலமோ கட்டடமோ வைத்திருக்கச் சங்கத்தின் விதி அனுமதிப்பதில்லை. கட்ட விரும்பும் கிளையின் அங்கத்தவர், இல்லக் கழகம் என்று வேறொரு கழகத்தைச் சட்டப்படி பதிவுசெய்வர். காணி உறுதி அக்கழகத்தின் பெயரில் இருக்கும். வங்கிக் கடனும் அதன் பெயரிலேயே. கிளை அக்கழகத்துக்கு வாடகைக் குடியிருப்பாளன் போன்றது. ஒரே மனிதர் திங்கட்கிழமை கிளையாகக் கூடி, செவ்வாய்க்கிழமை கழகமாகக் கூடித் தமக்குத் தாமே வாடகை உயர்த்துவதைப் பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதனுள்ளே ஆழ்ந்த விவேகம் உண்டு. மண்டபத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குத் தொடுத்தாலோ, கடன் தீராமல் வங்கி கட்டடத்தை ஏலத்தில் விட்டாலோ, நட்டம் அச்சுவர்களோடு நின்றுவிடவேண்டும். விதவைக்கென்று சேர்த்த காப்புறுதி நிதி மத்திய சபையிடம் உள்ளது; அதன் ஒரு சதமும் செங்கல்லாகக் கூடாது.

பணம் சேரும் வகை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. அங்கத்தவர் கடன் பத்திரம் வாங்குவர். எப்பொழுது திரும்பக் கிடைக்கும் என்று பலர் கேட்பதில்லை. அதிர்ஷ்டச் சீட்டு, நடனம், விருந்து, பின்னாளில் பிங்கோ விளையாட்டு இவற்றால் வருமானம் வரும். உழைப்பு இலவசம். பிறீமேசன் சங்கத்தார் கட்டடத் தொழிலின் பெயரையும் மட்டத்தையும் கவராயத்தையும் குறியீடாக வைத்திருக்க, வீரர்களின் கிளைகளிலோ உண்மையாகவே கற்கட்டும் மேசன்மாரும், தச்சரும், குழாய் பொருத்துவோரும் அங்கத்தவராயிருந்தனர். சனிக்கிழமைகளில் அவர்கள் கருவிகளோடு வந்தால் கூலிச் செலவிற் பெரும்பகுதி மிச்சம். மரக்கறி வெட்டவும் கோழி பொரிக்கவும் வந்த பெண்களின் பெயர், ஆடவர் சங்கமாதலால், அங்கத்தவர் பட்டியலில் இராது. ஆயினும் அவர்களின்றி எழுந்த மண்டபம் அதிகமிராது என்பது என் எண்ணம்.

கட்டி முடிந்தபின் ஒரு விசித்திரம் நிகழும். கடனைத் தீர்ப்பதற்காக மண்டபத்தை வாடகைக்கு விடவேண்டும். வாடகைக்கு விட்டால் ஊரார் எல்லாரும் வருவர். மெதடிஸ்தரின் கலியாணமும், தொழிற்சங்கத்தின் கூட்டமும், இரத்ததான முகாமும் அங்கே நடக்கும். இரகசியத்துக்காகக் கட்டிய கதவு, கடனுக்காகத் திறந்துவிடுகிறது! 1920-களில், கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் கத்தோலிக்கருக்கு எதிராகப் பல மாநிலங்களில் தலைதூக்கிய காலத்தில், இவ்வாறு திறந்த கதவு பாதுகாப்பாகவும் அமைந்தது. உள்ளே ஆடியும் உண்டும் போனவன், அங்கே ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள் என்ற கதையை அவ்வளவு எளிதாக நம்பமாட்டான். அக்காலத்தில் சில நகரங்களில் மண்டபங்கள் மாடிமேல் மாடியாகவும் எழுந்தன. இரும்பு ஆலை நகரமான இந்தியானா மாநிலத்துக் கேரியில் 1925-இல் எழுந்த உயர் கட்டடம் அவற்றுள் ஒன்று.

திறந்த கதவு ஒரு கொள்கையாகவே ஆனது முதல் உலகப் போரின்போது. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், போர்வீரர் ஓய்வுகொள்ளக் குடில்கள் அமைக்கும் பணியைச் சங்கம் ஏற்றது. பயிற்சி முகாம்களிலும் பிரான்சுப் போர்முனைக்குப் பின்னேயும் அவை எழுந்தன. எல்லாரும் வரலாம், எல்லாம் இலவசம் என்ற பொருளில் வாயிலிலே பலகை தொங்கிற்று. கடிதத் தாள், கோப்பி, சிகரெட், குத்துச்சண்டைப் போட்டி, ஞாயிறு பூசை எல்லாம் ஒரே கூரையின்கீழ். அங்கே பணிபுரிந்தவர்களைப் படைவீரர் செல்லமாகக் கேஸி என்று அழைத்தனர். சங்கப் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்த பெயர் அது. தொடக்கத்தில் தம் அங்கத்தவரிடமே பணந்திரட்டிய சங்கம், 1918 நவம்பரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம், யூத நலச் சங்கம், இரட்சணிய சேனை முதலியவற்றோடு ஒன்றாக நாடளாவிய நிதி திரட்டலில் நின்றது. கோயில் கட்டியதற்கே முணுமுணுப்புக் கேட்ட சமூகத்துக்கு, ஒரே மேடையில் அவ்வாறு நின்றதே பெரும் மாற்றம்.

அடுத்த போரிலும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அதிலே நிகழ்ந்த ஒரு துயரத்தை வானொலி கேட்போர் அறிந்திருப்பது நல்லது. நியூபவுண்ட்லாந்துத் தீவின் தலைநகரான சென் ஜோன்ஸில், கனடாக் கிளைகளின் முயற்சியாற் படைவீரருக்கென விடுதியும் மண்டபமும் கொண்ட மரக் கட்டடமொன்று இயங்கிற்று. 1942 டிசெம்பர் 12-ஆம் நாள், சனிக்கிழமை இரவு, அங்கே நாட்டுப்புற இசையும் நடனமும் நடந்துகொண்டிருந்தன. அந்நிகழ்ச்சியை உள்ளூர் வானொலி நிலையம் நேராகவே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பதினொரு மணி கடந்து சில நிமிடங்களில் தீ பிடித்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வீடுகளில் திடீரெனக் கூக்குரல் கேட்டது. பின்னர் ஒலிபரப்பு நின்றது. 99 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம் படைவீரர்.

விசாரணை நடத்திய நீதிபதி டன்பீல்ட், தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று கண்டார். குற்றவாளி எவரென்பது நிறுவப்படவில்லை. ஆனால் இத்துணைப் பேர் மடிந்ததற்குக் கட்டடமே பெருங்காரணம் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி வெளிச்சத்தை மறைக்கச் சன்னல்களைப் பலகையால் அடைத்திருந்தனர். கதவுகள் உட்புறமாகத் திறப்பவை. நெருக்கியடித்து வந்த கூட்டம் தன் பாரத்தாலேயே அவற்றை மூடிற்று. விளக்கணைந்தபின் வழிகாட்ட வேறு விளக்கில்லை. எல்லாரும் வரலாம் என்று சொல்வது எளிது. வந்தவர் அனைவரும் ஒரே வேளையில் வெளியேறவும் இயலவேண்டும். பொதுமண்டபம் கட்டுவோர், எந்த நாட்டினராயினும், கதவு எப்புறம் திறக்கும் என்ற கேள்வியை முதலிற் கேட்கவேண்டும்.

வேறொரு கதவும் உண்டு, அது மரத்தாலானதன்று. அங்கத்தவராக விரும்புவோரின் பெயர் கிளையில் இரகசிய வாக்குக்கு விடப்படும். வெள்ளைக் குண்டு ஆம் என்பது. கறுப்புக் குண்டு இல்லை என்பது. ஐந்து கறுப்புக் குண்டுகள் விழுந்தால் விண்ணப்பதாரர் நிராகரிக்கப்படுவார், காரணம் சொல்லவேண்டியதில்லை. இவ்வேற்பாடு ஒழுக்கங் கெட்டவரைத் தடுக்க ஏற்பட்டது என்பர். நடைமுறையிலோ, பல ஊர்களில் கறுப்பினக் கத்தோலிக்கரைத் தடுக்கவே அது பயன்பட்டது. போர்க் குடிலில் எல்லாருக்கும் இடமிருந்தது. சொந்த ஊர் மண்டபத்தில் இல்லை. இதனால் 1909 நவம்பரில் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், குருமார் நால்வரும் பொதுநிலையினர் மூவரும் சேர்ந்து, புனித பீற்றர் கிளாவர் வீரர் சங்கம் என்று கறுப்பினக் கத்தோலிக்கருக்குத் தனிச் சங்கம் நிறுவினர். அடிமைகளுக்குத் தொண்டு செய்த புனிதரின் பெயர் அது. அச்சங்கமும் காப்புறுதி கொடுத்தது. தன் மண்டபங்களையும் எழுப்பிற்று. இன்றும் உயிரோடு இருக்கிறது.

கொலம்பஸ் வீரரின் கறுப்புக் குண்டு 1963-இல் பகிரங்கமாயிற்று. சிக்காகோப் பகுதியில், நோத்ர டாம் பல்கலைக்கழகப் பட்டதாரியான கறுப்பினத்தவர் ஒருவர் நிராகரிக்கப்பட்டார். வெட்கமுற்ற கிளை அதிகாரிகள் அறுவர் பதவி துறந்தனர். பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டு தலைமையேற்ற ஜோன் மக்டெவிற், விதியை மாற்றவேண்டுமென்று நின்றார். 1964-இல் ஐந்து குண்டு விதி நீங்கிற்று; நிராகரிப்பதற்கு வாக்களிப்போரில் மூன்றிலொரு பங்கினர் எதிர்க்கவேண்டும் என்றாயிற்று. அவ்வாண்டு மகாநாடு நியூ ஓர்லீன்ஸ் நகரில். இன வேறுபாடின்றிப் பிரதிநிதிகள் அனைவரையும் ஏற்காவிடில் மகாநாட்டை வேறிடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று விடுதிக்குச் சொல்லப்பட்டது, விடுதி இணங்கிற்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்கவேண்டிய காரியம் என்று சொல்லாமலிருக்க முடியவில்லை.

சங்கத்தின் தலைமையகம் இன்றும் நியூ ஹேவனிலேயே உள்ளது. 1969-இல் கட்டிமுடித்த அக்கோபுரம் 23 மாடி கொண்டது. வரைந்தவர் கெவின் ரோச் என்ற சிற்பி, அவரும் அயர்லாந்திற் பிறந்தவரே. நான்கு மூலைகளிலும் கபில நிற ஓடு பதித்த நான்கு உருளைத் தூண்கள். அவற்றிடையே துருவேறிய நிறமுடைய இரும்பு உத்திரங்கள். சங்கத்தின் நான்கு கோட்பாடுகளையும் அத்தூண்கள் குறிக்கின்றன என்பர். அழகா, முரடா என்பதில் நகரத்தார் கருத்து வேறுபடுவர். ஆயினும் ஒரு காலத்தில் ஒரு கோயிற் கோபுரமே வீதியைக் கெடுத்துவிட்டது என்று குறைகூறப்பட்ட நகரின் வானத்தில், அதே மக்களின் சங்கம் அத்துணை உயரத்துக்கு எழுந்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர் இன்று அதற்குண்டு. ஆசியாவிலும் அது வேரூன்றியுள்ளது. மணிலாவிற் கிளை 1905-இலேயே ஏற்பட்டது.

மக்கிவ்னி அடிகளின் பூதவுடல், சங்கத்தின் நூறாவது ஆண்டாகிய 1982-இல், வோட்டர்பரியிலிருந்து புனித மரியாள் கோயிலுக்குக் கொண்டுவந்து வைக்கப்பட்டது. 2020 ஒக்டோபர் 31-ஆம் நாள் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற நிலை அளிக்கப்பட்டது. அதே 2020-இன் தொடக்கத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. முதல் மூன்று பட்டங்களின் சடங்குகளை ஒன்றாக்கி, மனைவி மக்களும் நண்பரும் பார்த்திருக்க, கோயிலிலேயே நடத்தலாம் என்று சங்கம் தீர்மானித்தது.

இரகசியம் அகன்றபின் மண்டபத்துக்குரிய பழைய தேவையும் குறைகிறது. கிளைகள் பங்குக் கோயில்களோடு ஒட்டியே இயங்கவேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் தலைமை வலியுறுத்தி வருகிறது. வரியும் கூரை பழுதுபார்ப்புச் செலவும் ஏற, கட்டிய தலைமுறையின் வயதும் ஏற, இல்லக் கழகங்கள் பல ஊர்களில் மண்டபங்களை விற்று வருகின்றன. விற்பதற்கும் கழகம் கூடி வாக்கெடுக்கவேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் சுவரெழுப்பியவர்களின் பிள்ளைகள் அவ்வாக்கெடுப்புக்கு வந்து, மீன் பொரித்த அதே சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.